4 ஜிபி மெஷினில் ஜாவாஸ்கிரிப்ட் படிப்பிக்க எந்த எடிட்டர் லேசு?

கொட்டகலை டீச்சர்:

ஓ/எல் எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் 14 பேருக்கு ஜாவாஸ்கிரிப்ட் வகுப்பு தொடங்குகிறது. எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் ஓரளவு தெரியும். புரோகிராமிங் புதிது.

மெஷின் 7 இருக்கிறது. ஆறில் விண்டோஸ் 10, 4 ஜிபி ரெம், பழைய ஐ3, எஸ்எஸ்டி கிடையாது. ஏழாவது விண்டோஸ் 7, 32 பிட், 2 ஜிபி. இன்டர்நெட் ஒரே ஒரு டொங்கிள். பகல் டேட்டா கொஞ்சம், இரவு டேட்டா தாராளம். மழை இறங்கினால் கரண்ட் நிற்கும், யூபிஎஸ் இல்லை.

பிள்ளைகளைக் குழப்பாத எடிட்டர் எது? விஎஸ் கோட் போடச் சொல்கிறார்கள். அது இந்த மெஷினில் ஏறாது, 'ஆட்டம்' என்ற எடிட்டரைப் போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். நோட்பேட்++ போதும் என்பவர்களும் உண்டு. பெயர், செய்தி எல்லாம் தமிழில் காட்டும் புரோகிராம்கள்தான் எழுதப் போகிறோம். அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

ஊவா கோடன்:

டீச்சர், ஆட்டத்தை முதலில் மறந்துவிடுங்கள். கிட்ஹப் அதை 2022 டிசெம்பர் 15ஆம் திகதியோடு மூடிவிட்டது. லேசான எடிட்டரும் இல்லை அது. அதுவும் விஎஸ் கோடும் எலக்ட்ரான் என்ற ஒரே அடித்தளத்தின் மேல் நிற்பவை. எலக்ட்ரானே ஆட்டத்துக்காக எழுதப்பட்டதுதான். பிராக்கெட்ஸ் என்ற எடிட்டரையும் அடோபி 2021 செப்டெம்பரில் கைவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களில் இந்த இரண்டும் இன்னும் உயிரோடு இருக்கும், நம்பவேண்டாம்.

ஆறு மெஷினுக்கும் விஎஸ் கோட் போடுங்கள். இலவசம் என்பதற்காகச் சொல்லவில்லை. டைப்ஸ்கிரிப்டின் மொழிச்சேவை (கோடைப் படித்து எது எந்த வகை என்று சொல்லும் பகுதி) அதற்குள்ளேயே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டுக்கு வேறு எதையும் இறக்காமலே அது வேலை செய்யும். படிப்பிக்கும்போது அதன் அருமை தெரியும். ஓர் உதாரணம்: காலைக் கொழுந்து எடையையும் பகல் எடையையும் கேட்டுக் கூட்டும் புரோகிராம். (போனில் தமிழில் தட்டுகிறேன், கோடை ஆங்கிலத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.)

லெட் காலை = ப்ராம்ப்ட்("காலை எடை");
லெட் பகல் = ப்ராம்ப்ட்("பகல் எடை");
அலர்ட்(காலை + பகல்);

8, 12 என்று கொடுத்தால் 20 வராது, 812 வரும். பிள்ளை முழிக்கும். அப்போது 'காலை' என்ற சொல்லின் மேல் மவுஸை வைக்கச் சொல்லுங்கள். எடிட்டர் அதை 'ஸ்ட்ரிங் | நல்' என்று காட்டும் (நல் என்பது கேன்சல் அழுத்தினால் வருவது). எண் என்று நாம் நினைத்தது எழுத்துச்சரம், ஆகவே + கூட்டவில்லை, ஒட்டியிருக்கிறது. ப்ராம்ப்ட்டைச் சுற்றி நம்பர்( ) போட்டுவிட்டு மறுபடி மவுஸை வைத்தால் 'நம்பர்' என்று மாறியிருக்கும். இந்த ஒரு காரியம் நோட்பேட்++இல் நடக்காது.

'ஏறாது' என்பது பாதி உண்மை. 4 ஜிபியில் கிட்டத்தட்ட பாதியை விண்டோஸ் பிடித்துக்கொள்ளும். மிச்சத்தில் வெறும் விஎஸ் கோடும் பிரவுசரில் இரண்டு டேபும் ஓடும். 15 எக்ஸ்டென்ஷனும் (எடிட்டரோடு சேர்க்கும் துணைச் செயலி) பத்து டேபும் ஓடாது. எது தின்கிறது என்று பார்க்க ஹெல்ப் மெனுவில் 'ஓபன் புரொசெஸ் எக்ஸ்ப்ளோரர்' இருக்கிறது.

டேட்டாவை மிச்சப்படுத்த இப்படிச் செய்யுங்கள். இன்ஸ்டோலர் எடுக்கவேண்டாம், டவுன்லோட் பக்கத்தில் 64 பிட் 'ஸிப்' பதிப்பை எடுங்கள். ஒரு மெஷினில் விரித்து, கோட்.எக்ஸி இருக்கும் அதே ஃபோல்டரில் 'டேட்டா' என்று ஆங்கிலச் சிறிய எழுத்தில் ஒரு வெறும் ஃபோல்டர் போடுங்கள். அது இருந்தால் எடிட்டர் போர்ட்டபிள் ஆகிவிடும்: செட்டிங், எக்ஸ்டென்ஷன் எல்லாம் அந்த ஃபோல்டருக்குள்ளேயே சேரும். 'லைவ் சேர்வர்' எக்ஸ்டென்ஷனை (சேவ் செய்ததும் பிரவுசரில் பக்கத்தைத் தானாக ரீலோட் செய்வது) மட்டும் இரவு டேட்டாவில் இறக்கி, செட்டிங்கையும் சரி செய்துவிட்டு, முழு ஃபோல்டரையும் திரும்ப ஸிப் செய்து பென் டிரைவில் ஏற்றுங்கள். ஸிப் செய்யாமல் அப்படியே காப்பி பண்ணினால் ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல். பென் டிரைவ் ஊர்ந்துகொண்டு கிடக்கும். மற்ற மெஷின்களில் 7-ஸிப் கொண்டு ஹார்ட் டிஸ்கிலேயே விரியுங்கள். பென் டிரைவிலிருந்து நேரே ஓட்டவேண்டாம்.

ஸிப் பதிப்பு விண்டோஸில் தானாக அப்டேட் ஆகாது. உங்களுக்கு அது வசதிதான், வகுப்பு நடுவில் டொங்கிள் காலியாகாது. ஆனால் எக்ஸ்டென்ஷன்கள் தானாக அப்டேட் தேடும். செட்டிங்ஸில் 'எக்ஸ்டென்ஷன்ஸ்: ஆட்டோ அப்டேட்' என்பதை நிறுத்துங்கள்.

மற்ற செட்டிங்: மினிமேப் நிறுத்தம். ஃபோர்மட் ஒன் சேவ் போடவும். உள்ளே இருக்கும் ஃபோர்மட்டரே போதும், பிரெட்டியர் என்ற தனி ஃபோர்மட்டர் இப்போது வேண்டாம். டெலிமெட்ரி லெவல் 'ஓஃப்'. 'சாட்: டிஸேபிள் ஏஐ ஃபீச்சர்ஸ்' டிக் போடவும், இல்லாவிட்டால் பிள்ளை 'ஃபோர்' என்று தட்டுமுன் முழு லூப்பும் வந்து நிற்கக்கூடும். ஆட்டோ சேவ் 'ஆஃப்டர் டிலே', 1000 மில்லிசெக்கன். கரண்ட் போனாலும் பெரிய இழப்பு இராது.

அடைப்புக்குறிக்கு நிறம் கொடுக்கும் எக்ஸ்டென்ஷன், எச்டிஎம்எல் டேகின் இரு முனையையும் சேர்த்து மாற்றும் எக்ஸ்டென்ஷன் என்று வீடியோக்களில் ஒரு பட்டியல் சொல்வார்கள். முதலாவது எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்டது; இரண்டாவதுக்கு 'லிங்க்ட் எடிட்டிங்' என்ற செட்டிங்கை ஒன் செய்தால் சரி.

நானுஓயா 99:

ஊவா கோடன் அண்ணன் சொன்னதில் இரண்டு இடத்தில் எனக்கு வேறு கருத்து.

ஒன்று, ஏழாவது மெஷின். அதைப்பற்றி அவர் பேசவே இல்லை. விண்டோஸ் 7இல் ஓடும் கடைசி விஎஸ் கோட் 1.70.3. அதில் 32 பிட் பதிப்பும் உண்டு. ஆனால் 2 ஜிபியில் அதையும் பிரவுசரையும் சேர்த்துத் திறந்தால் பிள்ளை கொட்டாவி விடும். அங்கே நோட்பேட்++ 32 பிட் போடுங்கள். பிரவுசருக்கு ஃபயர்ஃபொக்ஸ் 115 ஈஎஸ்ஆர். குரோம் 109ஓடு விண்டோஸ் 7ஐ விட்டுவிட்டது. பிரவுசர் இல்லாமல் ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸும் 13ஆம் பதிப்போடு சரி, ஆகவே அந்த மெஷினில் எல்லாம் பிரவுசரிலேயே ஓடட்டும்.

நோட்பேட்++ 7 செக்கனுக்கு ஒருதரம் சேவ் செய்யாததையும் பக்கப் பிரதி எடுத்து வைக்கும். தமிழுக்கு ஒரு எச்சரிக்கை: வலது கீழ் மூலையில் 'ஆன்சி' என்று இருந்தால் தமிழ் எல்லாம் கேள்விக்குறியாகச் சேவ் ஆகும். என்கோடிங் மெனுவில் 'கன்வேர்ட் டு யூடிஎஃப்-8' அழுத்துங்கள். அதற்கு மேலே வெறும் 'யூடிஎஃப்-8' என்று ஒன்று இருக்கும். அது ஃபைலை மாற்றாது, வாசிக்கும் விதத்தைத்தான் மாற்றும். கேள்விக்குறியாகச் சேவ் ஆன பிறகு எதை அழுத்தினாலும் தமிழ் திரும்பி வராது.

இரண்டாவது, அந்த ஆட்டோ சேவ். 1000 மில்லிசெக்கன் வைத்துவிட்டு லைவ் சேர்வரும் போட்டால் பிள்ளை பாதி வரி தட்டி மூச்சு விடும் நேரத்தில் ஃபைல் சேவ் ஆகி, பக்கம் ரீலோட் ஆகி, ப்ராம்ப்ட் பெட்டி மறுபடி மறுபடி வந்து நிற்கும். பாதி எழுதிய கோடுக்கு கொன்சோலில் சிவப்புச் சிவப்பாகப் பிழை வேறு. தன் கோடு தப்பு என்று பிள்ளை பயந்துவிடும். 'ஒன் ஃபோகஸ் சேஞ்ச்' வையுங்கள்: எடிட்டரை விட்டுப் பிரவுசருக்குப் போகும்போதுதான் சேவ் ஆகும்.

கரண்ட் போனால்? சேவ் ஆகாததையும் விஎஸ் கோட் தானாகப் பிரதி எடுத்து வைக்கிறது, திரும்பத் திறந்தால், சேவ் ஆகவில்லை என்று காட்டும் புள்ளி டேபில் இருக்க, எழுதியது அப்படியே நிற்கும்.

ஊவா கோடன்:

ஆட்டோ சேவ் விஷயத்தில் தம்பி சொல்வதுதான் சரி. ப்ராம்ப்ட் உதாரணத்தைக் கொடுத்துவிட்டு நானே 1000 சொல்லியிருக்கக்கூடாது.

கரண்ட் பற்றி ஒன்று சேர்க்கிறேன். சேவ் ஆகும் அந்த நொடியிலேயே கரண்ட் நின்றால், ஃபைல் இருக்கும், அளவும் சரியாக இருக்கும், திறந்தால் உள்ளே வெற்று எழுத்து. ஹார்ட் டிஸ்க் மெஷினில் இது நடக்கும், எந்த எடிட்டரும் விதிவிலக்கல்ல. இடப்பக்க எக்ஸ்ப்ளோரரின் அடியில் 'டைம்லைன்' என்று மடிந்து கிடக்கும், விரியுங்கள். சேவ் ஆன ஒவ்வொரு முறைக்கும் ஒரு பிரதி, ஃபைலுக்கு 50 வரை, நேரத்தோடு இருக்கும். நல்ல பிரதியின் மேல் வலது கிளிக் செய்து 'ரிஸ்டோர் கொன்டென்ட்ஸ்'. இது 2022 மார்ச் பதிப்பிலிருந்து இருக்கிறது.

வெலிமடை ஃபிரன்ட்எண்ட்:

வெப்ஸ்டோர்மைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் கேட்பார்கள். 2024 ஒக்டோபரிலிருந்து வணிக நோக்கமில்லாத பாவனைக்கு இலவசம், படிப்பதும் அதில் சேரும். கெட்டிக்கார எடிட்டர். 8 ஜிபி இல்லாமல் தொடவேண்டாம். சப்லைம் டெக்ஸ்ட் பறக்கும், ஆனால் வாங்கச் சொல்லி இடையிடையே பெட்டி காட்டிக்கொண்டே இருக்கும்; பிள்ளைகள் அதைப் பிழை என்று நினைப்பார்கள்.

கொட்டகலை டீச்சர்:

மூவருக்கும் நன்றி. ஒரு மெஷினில் ஸிப் விரித்துப் பார்த்தாயிற்று, திறக்க அரை நிமிடம் எடுக்கிறது, திறந்த பிறகு பிரச்சினை இல்லை. இப்போது நான்கு சந்தேகம்.

1. மேலே மூலையில் ஓட்டும் முக்கோணப் பொத்தான் வருவதற்காக 'கோட் ரன்னர்' என்று ஒன்று போட்டேன். அதை அழுத்தினால் 'ப்ராம்ப்ட் இஸ் நொட் டிஃபைன்ட்' என்கிறது. லைவ் சேர்வரில் அதே ஃபைல் ஓடுகிறது.
2. பென் டிரைவில் கொண்டுவந்த ஃபோல்டரில் லைவ் சேர்வரின் 'கோ லைவ்' பொத்தானே இல்லை.
3. பழைய வேர்ட் டொக்கியூமெண்டிலிருந்து தமிழ் வசனங்களை ஒட்டினால் ஆங்கிலக் குப்பையாக விழுகிறது.
4. டேர்மினலில் தமிழ் எழுத்துக் கொம்பும் காலும் தனித்தனியாக நிற்கிறது. ஃபோன்ட் மாற்றவேண்டுமா?

வெலிமடை ஃபிரன்ட்எண்ட்:

1. கோட் ரன்னர் உங்கள் ஃபைலை நோட்.ஜேஎஸ்ஸிடம் கொடுக்கிறது. ப்ராம்ப்ட், அலர்ட், டொக்கியூமெண்ட் இவையெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பாகம் இல்லை, பிரவுசர் கொடுப்பவை. நோட்.ஜேஎஸ்ஸில் இந்த மூன்றும் கிடையாது. முதல் இரண்டு மாதம் எல்லாம் பிரவுசரில் என்று வைத்துக்கொண்டு கோட் ரன்னரைக் கழற்றிவிடுங்கள். இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஓடினால் எது மொழி, எது பிரவுசர் என்று பிள்ளைகளுக்குப் பிரித்துப் பார்க்க முடியாது. அவுட்புட்டைப் பார்க்க பிரவுசரில் எஃப்12, கொன்சோல்.

2. இரண்டு காரணம் இருக்கலாம். ஃபோல்டரைத் திறக்காமல் ஒற்றை ஃபைலைத் திறந்திருப்பீர்கள். ஃபைல் மெனுவில் 'ஓபன் ஃபோல்டர்' என்றே எப்போதும் பழக்குங்கள். அல்லது 'இந்த ஃபைல்களை எழுதியவரை நம்புகிறீர்களா' என்று கேட்டபோது 'இல்லை' அழுத்தியிருப்பீர்கள். அப்படியானால் எடிட்டர் 'ரெஸ்ட்ரிக்டட் மோட்' என்று மேலே ஒரு பட்டையோடு நிற்கும், சில எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது. அந்தப் பட்டையில் 'மேனேஜ்', பிறகு 'டிரஸ்ட்'.

பொத்தான் இருந்தும் பக்கம் தானாக ரீலோட் ஆகவில்லை என்றால் எச்டிஎம்எல்லில் ஹெட் அல்லது பொடி டேக் இருக்கிறதா பாருங்கள். லைவ் சேர்வர் தன் ஸ்கிரிப்டை அங்கேதான் செருகுகிறது, இடம் இல்லாவிட்டால் ரீலோட் செய்யாது. வெற்று எச்டிஎம்எல் ஃபைலில் ஆச்சரியக்குறி தட்டி டேப் அடித்தால் முழு எலும்புக்கூடும் வந்துவிடும், யூடிஎஃப்-8 வரியும் சேர்த்து. மொழி மட்டும் ஆங்கிலம் என்று இருக்கும், தமிழுக்கு மாற்றுங்கள்.

லைவ் சேர்வர் ஏன் வேண்டும், டபிள் கிளிக் செய்தாலும் பக்கம் திறக்கிறதே என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். முதல் வாரங்களில் வித்தியாசம் இல்லை. கோடைப் பல ஃபைலாக (மொடியூலாக) பிரிக்கும் இம்போர்ட், எக்ஸ்போர்ட் படிப்பிக்கும் நாளில் டபிள் கிளிக் செய்த பக்கம் 'கோர்ஸ்' என்று பிழை சொல்லி நிற்கும். மொடியூலை நேரே டிஸ்கிலிருந்து பிரவுசர் ஏற்றாது, சேர்வர் வழியாகவே ஏற்றும்.

3. அது பாமினி. யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் வடிவம் வரைந்த ஃபோன்ட். உள்ளே இருப்பது ஆங்கிலம், ஃபோன்ட்டைக் கழற்றினால் அதுதான் தெரியும். அடையாளம் லேசு: புள்ளி வைத்த மெய்யெழுத்துக்கெல்லாம் ஒரு செமிகோலன் விழுந்திருக்கும். 'வணக்கம்' ஒட்டினால் இரண்டு செமிகோலன் இருக்கும். மேற்கோளுக்குள் இருந்தால் புரோகிராம் உடையாது, திரையில் அந்தக் குப்பையைக் காட்டும். பாமினி-யூனிகோட் மாற்றியில் போட்டு எடுங்கள். எடிட்டருக்குள் பாமினி ஃபோன்ட்டை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், கோட் முழுவதும் தமிழ்க் கிறுக்கலாகிவிடும்.

வேர்டிலிருந்து ஒட்டும்போது இன்னொரு தொல்லை. வேர்ட் நேர் மேற்கோளை வளைந்த மேற்கோளாக்கி வைக்கும். ஜாவாஸ்கிரிப்டுக்கு வளைந்தது மேற்கோளே இல்லை, 'இன்வாலிட் ஓர் அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்' என்று நிற்கும். நேர் மேற்கோளை விஎஸ் கோட் நிறத்தோடு காட்டும். வளைந்ததற்குள் இருக்கும் எழுத்துக்கு அந்த நிறம் வராது.

4. ஃபோன்ட் மாற்றிப் பிரயோசனம் இல்லை. டேர்மினல் ஒவ்வொரு எழுத்தையும் ஒரே அளவு கட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறது. தமிழ் அப்படி அடங்காது. உள்ளே இருக்கும் எழுத்து சரிதான், வரைவது மட்டும் கோணல். பிரவுசர் கொன்சோலில் அதே வரி ஒழுங்காக வரும். எடிட்டர் பகுதியில் தமிழின் மேல் கீழ் வெட்டுப்பட்டால் ஃபோன்ட் அளவு 16, லைன் ஹைட் 1.6 வையுங்கள்.

நானுஓயா 99:

டீச்சர், தமிழ் என்பதால் முன்கூட்டியே ஒன்று. எழுத்துகளை எண்ணும் பயிற்சி, சொல்லைத் தலைகீழாக்கும் பயிற்சி எந்த ஜாவாஸ்கிரிப்ட் பாடத்திலும் முதல் மாதம் வரும். ஆங்கிலச் சொல்லில் சரியாக வரும். 'ஹட்டன்' என்று கொடுத்து .லெங்த் கேட்டால் 6 என்னும். பிள்ளை விரல் விட்டு எண்ணினால் ஹ, ட், ட, ன், நான்கு. யூனிகோடில் புள்ளி தனியாக ஒரு குறி. ட் என்பது இரண்டு, ன் என்பதும் இரண்டு. 'நுவரெலியா' 5 எழுத்து, .லெங்த் 9. தலைகீழாக்கினால் இன்னும் மோசம்: ஹட்டனின் கடைசிப் புள்ளி முதலில் வந்து, ஏறி உட்கார எழுத்தில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தின் மேல் நிற்கும். எடிட்டரும் கெடவில்லை, ஃபோன்ட்டும் கெடவில்லை.

இதற்கு எழுத்துகளைச் சரியாகப் பிரிக்கும் இன்ட்ல்.செக்மென்டர் ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கிறது. மொழி 'டிஏ', கிரானுலாரிட்டி 'கிராஃபீம்' என்று கொடுத்து, செக்மென்ட் செய்து, அரே.ஃப்ரம் போட்டு அதன் லெங்த்தை எடுத்தால் 4, 5 என்று சரியாக வரும். 'க்ஷ' இருந்தால் மட்டும் கவனம், அதை க், ஷ என்று இரண்டாக எண்ணும். 'லக்ஷ்மி'க்கு 3 வராது, 4 வரும்.

ஏழாவது மெஷினில் இது வேலை செய்யாது. ஃபயர்ஃபொக்ஸில் செக்மென்டர் வந்தது 125இல்தான், அங்கே இருப்பது 115. குரோம் 109இல் உண்டு. அந்தப் பாடத்துக்கு மட்டும் அந்த மெஷினில் குரோம் 109ஐத் திறந்துகொள்ளுங்கள்.

கொட்டகலை டீச்சர்:

அப்படியானால் அந்த மெஷினில் இரண்டு பிரவுசரும் இருக்கட்டும். எம்டிஎன் (மொஸில்லாவின் வெப் விளக்கத் தளம்) பக்கங்களை இன்டர்நெட் இல்லாமல் பார்க்க ஏதாவது வழி?

ஊவா கோடன்:

விண்டோஸ் 10 மெஷின்களில் பிரவுசரிலேயே டெவ்டொக்ஸ் என்ற தளத்தைத் திறந்து, ஜாவாஸ்கிரிப்ட், டொம் (பட்டியலில் 'வெப் ஏபிஐஸ்'), எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் நான்கையும் ஓஃப்லைனுக்கு இறக்குங்கள். எம்டிஎன்னின் விளக்கங்கள்தான் உள்ளே இருக்கும். பிரவுசர் டேட்டாவை அழித்தால் அதுவும் போய்விடும், பிள்ளைகளிடம் 'கிளியர்' பொத்தானைத் தொடவேண்டாம் என்று சொல்லி வையுங்கள். ஒவ்வொரு மெஷினிலும் தனித்தனியாக இறக்கவேண்டும், பென் டிரைவில் கொண்டுபோக முடியாது, ஆகவே இதையும் இரவு டேட்டாவில் வைத்துக்கொள்ளுங்கள்.